புழுதியில் எழுதிய காப்பு



சொல்லுக்கு ஆற்றல் உண்டு என்பது கவியரங்க மேடைகளில் அடிக்கடி கேட்கும் வாசகம். அந்த ஆற்றல் எத்தகையது, எவரிடம் செல்லும், எவரிடம் செல்லாது, எப்போது அழியும் என்னும் வினாக்கள் அவ்வளவாக எழுப்பப்படுவதில்லை. இவ்வினாக்களுக்கு விடைகளை விதிகளாகவே வகுத்து வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. அது நூலன்று, ஒரு கணிப்பொறி விளையாட்டு. நெட்ஹேக் என்பது அதன் பெயர். அதில் ஒரு சொல் மந்திரக் காப்பாக வருகிறது. வாளாலும் கவசத்தாலும் ஆகாத இடத்தில், விரலால் புழுதியில் எழுதப்பட்ட அச்சொல் உயிரைக் காக்கிறது. அச்சொல்லின் தன்மையை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் விளையாட்டின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பது தகும். 1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரின் பங்கை ஏற்று, பகடை உருட்டி ஆடுவது அது. மந்திரக் கவசம், காக்கும் மோதிரம், தாயத்து ஆகியவற்றுக்கு எண்களால் அளவு வகுத்த பெருமை அதற்கு உண்டு. 1980ஆம் ஆண்டளவில் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்களான மைக்கேல் டாய், கிளென் விக்மன் ஆகியோர் அத்தகைய உலகத்தைக் கணிப்பொறிக்குள் கொணர்ந்து 'ரோக்' என்னும் விளையாட்டைப் படைத்தனர். அதனைப் பின்பற்றி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பள்ளி மாணவரான ஜே ஃபென்லேசன் தம் தோழர்களுடன் 'ஹேக்' என்பதை எழுதினார். ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆண்ட்ரீஸ் பிரௌவர் அதனை விரித்து எழுதினார். பின்னர்ப் பல நாட்டு ஆர்வலர்கள் கணிப்பொறி வலையின் வழியே ஒன்றுகூடித் திருத்தியமையால் 1987இல் 'நெட்ஹேக்' பிறந்தது.

இவ்விளையாட்டின் மூல வடிவில் படங்கள் கிடையா. திரையில் தோன்றுவன எல்லாம் எழுத்துகளும் குறிகளுமே. நாய் சிறிய 'டி' எழுத்து; டிராகன் பெரிய 'டி' எழுத்து. சுவர்கள் கோடுகள், நிலம் புள்ளிகள். வீரனோ மின்னஞ்சல் முகவரியில் வரும் 'அட்' குறி. எழுத்தே உயிர், எழுத்தே பகை, எழுத்தே உலகம் என்னும் நிலை அங்கு நிலவுகிறது. எழுத்தாலான உலகில் எழுத்தே காப்பாகவும் அமைவது வியப்பன்று.

வீரன் நிலவறைகளுள் அடுக்கடுக்காக இறங்கிச் சென்று, எண்டோர் தாயத்து என்னும் ஒன்றைக் கைப்பற்றி, மீண்டும் மேலேறி, தன் தெய்வத்தின் பலிபீடத்தில் அதனைப் படைக்க வேண்டும். இடையில் இறந்தால் மீட்சி இல்லை. ஆட்டத்தை நிறுத்திவைத்துப் பின்னர்த் தொடரலாம். ஆனால் இறந்தபின் பழைய நிலைக்குத் திரும்பவியலாது. மாதக்கணக்கில் வளர்த்த வீரனும் ஒரு கவனக்குறைவால் மாய்ந்துவிடுவான். மறுபடி முதற்படியிலிருந்தே தொடங்க வேண்டும். இந்த விதி இருப்பதனாலேயே அங்குக் காப்பு என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டாகிறது. இழப்பு மெய்யாக இல்லாதவிடத்துக் காப்பும் மெய்யாக இராது.

சொல்லாகிய காப்பைக் காணுமுன், பொருளாகிய காப்பு ஒன்றைக் கண்டுகொள்வது ஒப்பீட்டுக்கு உதவும். உயிர்காக்கும் தாயத்து என்பது அது. அதனை அணிந்தவன் இறக்கும் வேளையில் தாயத்து சூடேறும், உயிர் மீளும், தாயத்து பொடிப்பொடியாக உதிர்ந்துபோகும். ஒரே ஒருமுறைதான் காக்கும். காத்ததற்கு விலையும் உண்டு. மீண்டெழுந்தவனின் உடல்வலிமை ஓர் எண் குறைந்தேயிருக்கும்.

இத்தாயத்தைக் கண்டறிவதும் எளிதன்று. 2003ஆம் ஆண்டு வெளியான 3.4.3 பதிப்பில் தாயத்துகள் வட்டம், நீள்வட்டம், சதுரம், முக்கோணம் என ஒன்பது வடிவங்களில் கிடைக்கும். எவ்வடிவத்துக்கு எவ்வாற்றல் என்பது ஒவ்வோர் ஆட்டத்திலும் மாறும். கடைக்காரரிடம் விலை கேட்டும் பயனில்லை. எல்லாவற்றுக்கும் அடிப்படை விலை ஒன்றே. எதேச்சையாகத் தோன்றும் ஆயிரம் தாயத்துகளில் 75 உயிர்காப்பவை. 135 கழுத்தை நெரித்துக் கொல்பவை. அறியாது எடுத்து அணிபவனுக்குக் காப்பைக் காட்டிலும் கொலையே ஏறக்குறைய இருமடங்கு அருகில் நிற்கிறது. பொருளை நம்பும் காப்பின் இடர் இது. அது தன்னை இன்னதென்று சொல்லாது; அணிந்த பின்னரே தெரியவரும்.

இத்தாயத்தும் காக்கவியலாத ஓரிடம் உண்டு. ஓர் உயிரினம் முழுவதையும் உலகிலிருந்து துடைத்தழிக்கும் மந்திரச் சுருள் ஒன்று விளையாட்டில் வருகிறது. அச்சுருளைப் படித்துத் தன் இனத்தையே அழிக்கச் சொன்னவன் தாயத்து அணிந்திருந்தால், அது வழக்கம்போல் சூடேறி அவனை எழுப்பும், பொடியாகும். ஆயினும் இனமே இல்லையாதலால் அவன் உடனே மறைந்துவிடுகிறான். தன்னினம் அழிந்தபின் தனி ஒருவனுக்குக் காப்பு இல்லை என்பதை விளையாட்டை எழுதியோர் ஒரு வரியில் விதித்துவிட்டனர்.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'எல்பெரெத்' என்பது அச்சொல். உரோமன் எழுத்தில் எழுதினால் எட்டெழுத்து. வீரன் தான் நிற்கும் இடத்தில் குனிந்து விரலால் புழுதியில் இப்பெயரை எழுதினால், நெருங்கிவரும் கொடுவிலங்குகளும் பூதங்களும் அஞ்சி விலகும். ஆயுதம் வேண்டா, பொன் வேண்டா, மந்திரம் பயின்ற தகுதியும் வேண்டா. முதல்நாள் நிலவறைக்குள் இறங்கிய ஏழை வீரனுக்கும் இது உரியது.

இப்பெயர் ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் படைத்தது. அவர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் கற்பித்த மொழிப் பேராசிரியர். எல்ஃப் என்னும் கற்பனை இனத்தாருக்கென இலக்கணமும் சொல்வளமும் உடைய மொழிகளையே அவர் ஆக்கினார். அம்மொழிகள் வாழ்வதற்கு ஓர் உலகம் வேண்டுமென்றே கதைகள் எழுந்தன என்று அவரே கூறியதுண்டு. அம்மொழிகளுள் ஒன்றான சிந்தாரினில் எல்பெரெத் என்பதற்கு விண்மீன்களின் அரசி என்பது பொருள். விண்மீன்களை ஏற்றிய தெய்வத்தின் பெயர் அது.

1954ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதற்பகுதியில், வெதர்டாப் என்னும் குன்றின்மேல் கதைத்தலைவன் ஃபுரோடோ கருநிற வீரர்களால் இரவில் தாக்கப்படுகிறான். அஞ்சி ஒடுங்கிய அவ்வேளையில் அவன் வாயிலிருந்து இப்பெயர் எழுகிறது. பெயரைக் கூவிக்கொண்டே அவன் பகைவனின் காலை நோக்கி வாளை வீசுகிறான். வாள் பகைவனின் ஆடையைக் கிழித்ததோடு நின்றது. அவனைக் காத்துநின்ற அரகோர்ன், வாள் செய்த தீங்கைவிட அப்பெயர் பகைவனுக்குச் செய்த தீங்கே பெரிது என்று பின்னர்க் கூறுகிறான்.

இங்குக் கருதத்தக்க செய்திகள் இரண்டு. மித்ரில் என்னும் அரிய உலோகத்தாலான கவசம் ஃபுரோடோவுக்குப் பின்னரே கிடைக்கிறது; ரிவெண்டெல் சேர்ந்தபின் பில்போ அதனைத் தருகிறார். குன்றின்மேல் நின்ற இரவில் அவனுக்குக் கவசம் இல்லை. பெயர் மட்டுமே இருந்தது. கவசத்துக்கு முன்னரே சொல் வந்துவிட்டது. இது ஒன்று. பெயரைக் கூவியும் அவன் காயமுற்றான் என்பது மற்றொன்று. பகைவனின் கத்தி அவன் இடத்தோளில் பாய்ந்தது. உயிர் தப்பினாலும், காயம் பட்ட அக்டோபர் 6ஆம் நாள் திரும்பும்போது அவன் மீண்டும் நலிவுறுவதைக் கதையின் இறுதிப்பகுதி காட்டுகிறது. சொல் அவனுக்கு அழிவைத் தடுத்தது, வலியைத் தடுக்கவில்லை. காப்பு என்பதற்குக் கவிஞர்கள் கொள்ளும் பொருளில் இந்த வேறுபாடு இடம்பெற வேண்டும்.

கதையில் வாயால் கூவப்பட்ட பெயர், விளையாட்டில் கையால் எழுதப்படும் பெயராக மாறியது. நெட்ஹேக்குக்கு முந்தைய ஹேக் விளையாட்டிலேயே இம்மாற்றம் நிகழ்ந்துவிட்டது. கூவும் சொல் காற்றோடு போகிறது. எழுதும் சொல் இடத்தைப் பற்றி நிற்கிறது. எழுத்தாக மாறியவுடன் எழுத்துக்குரிய எல்லா இடர்களும் அதனைப் பற்றிக்கொண்டன. அவ்விடர்கள் விதிகளாக வகுக்கப்பட்ட முறையே இவ்வுரையின் மையம்.

முதல் விதி, பிழையின்மை. 3.4.3 பதிப்பில் புழுதியில் எழுதப்படும் ஒவ்வோர் எழுத்தும் இருபத்தைந்தில் ஒரு வாய்ப்பில் சிதைந்து வேறு குறியாகும். எட்டெழுத்தும் பழுதின்றி அமையும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 72. நான்கு முறை எழுதினால் ஒருமுறைக்குச் சற்று மேலாகவே பிழை நேரும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் பெயர் பெயராகாது, பகை அஞ்சாது. எழுதிய உடனே எழுதியதைப் படித்துப் பார்ப்பவனே தப்புகிறான். எழுதிவிட்டோம் என்னும் நம்பிக்கையில் நிமிர்ந்து நிற்பவன் மாய்கிறான். மெய்ப்புத் திருத்துவதை ஓர் உயிர்காக்கும் செயலாக்கிய விளையாட்டு இது.

இரண்டாம் விதி, தனிமை. பழைய பதிப்புகளில் இப்பெயர் நீண்ட தொடர் ஒன்றின் நடுவில் வந்தாலும் காத்தது. ஆகவே ஒரே இடத்தில் பலமுறை தொடர்ந்து எழுதிவைப்பது ஆடுவோர் வழக்கம். ஒன்று சிதைந்தாலும் மற்றொன்று நிற்கும். 2015இல் வெளியான 3.6.0 பதிப்பில் அது முடிந்தது. அவ்விடத்தில் அப்பெயர் ஒன்று மட்டுமே இருத்தல் வேண்டும். முன்னும் பின்னும் வேறு சொல் சேர்ந்தால் காப்பு இல்லை. மிகைச்சொல் பொருளைக் கெடுக்கும் என்று யாப்பு கற்பிக்கும் ஆசிரியர் கூறுவதை இவ்விதி தன்வழியில் கூறுகிறது.

மூன்றாம் விதி, காண்பவன் கண். கண் குருடான விலங்கு இச்சொல்லுக்கு அஞ்சாது, அதற்குப் படிக்கவியலாது. எழுத்தின் ஆற்றல் எழுத்தில் மட்டும் இல்லை. எதிரே நிற்பவன் அதனைக் காணவேண்டும். தொலைவிலிருந்து எய்யும் அம்பையும் இச்சொல் நிறுத்தாது. நெருங்கி வருபவனையே அது தடுக்கும்.

நான்காம் விதி, நிற்றல். பழைய பதிப்புகளில் பெயரை எழுதிவிட்டு வீரன் அகன்றாலும் அவ்விடத்தின் காப்பு நீடித்தது. பொருள்களைக் குவித்து அவற்றின்கீழ் இப்பெயரை எழுதிவைத்து வேறிடம் செல்வோர் உண்டு. 3.6 வரிசைப் பதிப்புகளில் எழுத்தின்மேல் வீரன் நின்றால் மட்டுமே அது காக்கும். சொல் எழுதிய இடத்தில் ஆள் இல்லையெனில், அது வெறும் புழுதிக் கோடு.

ஐந்தாம் விதியே எல்லாவற்றினும் பெரியது. எழுத்தின்மேல் நின்றுகொண்டு வீரன் வாளை வீசினாலோ அம்பை எய்தாலோ எழுத்து அழிந்துவிடும். 3.6.0 கொணர்ந்த மாற்றம் இது. அதற்குமுன் காப்பினுள் நின்றபடியே பகைவரைத் தாக்குவது பெரிதும் எளிதாயிருந்தது. அஞ்சி விலகும் விலங்கைப் பின்னிருந்து கொல்வதற்குப் புனிதப் பெயர் மறைவிடம் ஆயிற்று. மாற்றத்திற்குப்பின் வீரன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். சொல்லுக்குள் நின்றால் வாள் கூடாது. வாளெடுத்தால் சொல் இல்லை. தாக்காமல் நின்றாலும், எழுத்தைக் கண்டு விலங்கு அஞ்சும் ஒவ்வொரு முறையும் ஏழில் ஒரு வாய்ப்பில் எழுத்து அழியும். காக்கும் செயலிலேயே சொல் தேய்கிறது.

இவ்விதி டோல்கீனின் கதையோடு முரண்படுவதையும் மறைத்தலாகாது. ஃபுரோடோ பெயரைக் கூவினான், வாளையும் வீசினான், இரண்டும் ஒரே கணத்தில் நிகழ்ந்தன. பெயர் அழியவில்லை. கதையில் அவன் வீசிய வாள் அஞ்சியவனின் கடைசி முயற்சி. விளையாட்டில் வீரன் வீசும் வாளோ காப்பின் மறைவிலிருந்து கணக்கிட்டு வீசப்படுவது. மூலத்தை மீறிய விதி, மூலத்தின் உள்ளக்கிடக்கைக்கு அருகிலேயே நிற்கிறது எனலாம். புனிதமான சொல்லைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பின்னிருந்து குத்துவதைக் கதையும் ஏற்றிராது.

இனி, இச்சொல்லுக்கு அஞ்சாதவர் யாவர் என்பதைக் காண வேண்டும். காளைத்தலை மனிதனைப் போன்ற மினோட்டார் அஞ்சுவதில்லை. 'அட்' குறியால் காட்டப்படுவோர் எவரும் அஞ்சுவதில்லை. அக்குறிக்குரியோர் எல்ஃப் இனத்தாரும் மனிதருமே. எல்ஃப்கள் அஞ்சாமைக்குக் காரணம் வெளிப்படை. அது அவர்கள் போற்றும் பெயர். மனிதர் அஞ்சாமைக்கு விளையாட்டு காரணம் கூறவில்லை. கடைக்காரரும் காவலரும் அதில் அடங்குவர். வீரனைக் காட்டும் குறியும் இதே குறிதான். டிராகன் விலகுகிறது, பூதம் விலகுகிறது, வீரனைப் போன்ற உருவுடையவன் எழுத்தை மிதித்துக்கொண்டு நெருங்குகிறான்.

கவிஞர் அவையில் இவ்விதி சற்று நேரம் நின்று எண்ணத்தக்கது. மொழியைக் காப்போம், மக்களைக் காப்போம், கவிதையே அரண் என்று விழாக்காலங்களில் பேசப்படுவதுண்டு. அந்த அரண் எவரிடமிருந்து காக்க வேண்டியிருக்கிறது? பெரும்பாலும் மனிதரிடமிருந்தே. சொல்லை மதிக்காமல் மிதித்து வருபவனும் மனிதனே. வரலாற்றில் நூலகங்களைக் கொளுத்தியவை விலங்குகள் அல்ல. 1933 மே மாதத்தில் பெர்லினில் மாணவர்களே நூல்களைக் குவித்து எரித்தனர். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. எழுத்தறிந்த மனிதரும் எழுத்தை மிதிப்பர் என்பதற்கு இவை சான்று. ஆகவே, சொல் எல்லாரையும் நிறுத்தும் என்று பாடுவது கவிஞருக்கு எளிது. வாசகருக்கு அது பொய்யுறுதி. நெட்ஹேக்கை எழுதியோர் அப்பொய்யுறுதியைத் தரவில்லை.

இவையெல்லாம் வெறும் நிரல்தொடர்கள்தாமே, கணிப்பொறி எட்டெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறது, அதில் ஆற்றல் எங்கே என்று வினவலாம். வினா நேரியது. கணிப்பொறிக்கு விண்மீன்களின் அரசியைத் தெரியாது; எழுத்துகள் பொருந்துகின்றனவா என்று மட்டுமே அது பார்க்கும். ஆனால் அந்த விதிகளை எழுதியவர்கள் மனிதர்கள். சொல் காக்கும் என்று ஒருமுறை எழுதிவிட்டு அவர்கள் நின்றுவிடவில்லை. எவ்வளவு காக்கும், எவ்வளவு காத்தால் அது பொய்யாகும் என்று பதிப்புக்குப் பதிப்பு எண்ணித் திருத்தினர். எழுத்தைத் தொழிலாகக் கொண்டோர் தம் எழுத்தைக் குறித்து இத்தனை நுணுக்கமாக எண்ணியதுண்டா என்பதே திருப்பிக் கேட்கத்தக்க வினா.

தமிழில் நூல் தொடங்குமுன் பாடப்படும் செய்யுளுக்குக் காப்பு என்றே பெயர். கையில் அணியும் வளைக்கும் காப்பு என்றே பெயர். ஒரே சொல் பொருளையும் பாட்டையும் குறிக்கிறது. முன்னே கண்ட தாயத்தும் பெயரும் இவ்விரு பொருள்களுக்கும் இணையாக நிற்கின்றன. தாயத்து, கிடைத்தவனுக்கு மட்டும் கிடைக்கும், ஒருமுறை காக்கும், மீண்டும் ஆக்கவியலாது. பெயர், கற்ற எவனுக்கும் கிடைக்கும், பலமுறை அழியும், பலமுறை எழுதலாம். தாயத்தைப் பிறர்க்கு ஈந்தால் ஈந்தவனுக்கு இல்லை. பெயரை ஆயிரம் பேருக்குக் கற்பித்தாலும் கற்பித்தவனிடம் அது குறைவதில்லை. சொல்லின் சிறப்பு அதன் வலிமையில் இல்லை. மீண்டும் எழுதக்கூடிய தன்மையில் இருக்கிறது.

எண்டோர் தாயத்தைப் பற்றியும் ஒரு சொல். விளையாட்டின் இறுதி இலக்கான அத்தாயத்து, சுமப்பவனை எவ்விதத்திலும் காப்பதில்லை. அதனைச் சுமந்து மேலேறுபவனை இன்னதென்று தெரியாத விசை அவ்வப்போது கீழே இழுத்துத் தள்ளுகிறது. மந்திரம் ஓதுவதற்கும் கூடுதல் ஆற்றல் செலவாகிறது. எல்லாரும் தேடும் பெரும்பொருள் சுமையாக, எவரும் எழுதக்கூடிய சிறுசொல் துணையாக வருகிறது.

பத்தாண்டுகளாகக் கூடிச் சொல்லைப் பேணிவரும் ஓர் அவைக்கு இவ்விளையாட்டின் ஐந்து விதிகளும் அயலானவை அல்ல. பிழையற எழுதுதல், மிகையின்றி எழுதுதல், காண்பவன் கண்ணை எண்ணி எழுதுதல், எழுதிய இடத்தில் தானும் நிற்றல், சொல்லின் மறைவிலிருந்து தாக்காதிருத்தல். இவற்றை ஏற்றபின்னும் சொல் எல்லாரையும் தடுத்துவிடாது. சில வேளைகளில் மனிதர் அதனை மிதித்துக்கொண்டு வருவர். சில வேளைகளில் காத்த களைப்பிலேயே எழுத்து அழியும். அப்போது செய்யக்கூடியது ஒன்றே. குனிந்து, அதே எட்டெழுத்தை, இம்முறை பிழையின்றி, மீண்டும் எழுத வேண்டும்.